வராத செய்தி

தூத்துக்குடியில் அப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனிப் பத்திரிகை வந்தது. படிப்பவரின் மனமும் உடம்பும் அறிந்து இயந்திரமே செய்திகளைத் தேர்ந்தெடுத்தது. ஜெசிந்தா ஒரு வார்டின் நிருபர். குடிநீர்த் தொட்டியில் சாக்கடை கலப்பதைத் திங்களன்று நேரில் பார்த்து எழுதினாள்.

வியாழனன்று அதே வார்டில் குடியிருந்த சவரிமுத்து வாந்திபேதியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஜெசிந்தா பார்க்கப் போனாள்.

“அண்ணாச்சி, நான் எழுதினதைப் படிக்கலியா?”

அவர் மனைவி ரோஸ்லின் பதில் சொன்னாள். “இவருக்கு நெஞ்சுவலி இருக்குல்லா? பயப்படுத்துற செய்தி எங்க வீட்டுக்கு வராது. மழை வரும்னுதான் போட்டிருந்துச்சு.”

சனிக்கிழமை சவரிமுத்து இறந்தார். துக்கச் செய்தி என்பதால் அதுவும் பல வீடுகளுக்குப் போகவில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஜெசிந்தா வீடுவீடாகப் போய்த் தண்ணீரைப் பற்றிச் சொன்னாள். ரோஸ்லினும் கூடவே நடந்தாள். அடுத்த தெருவின் முதல் வீட்டில் கதவைத் திறந்த பெண், “எங்க பேப்பர்ல வரலியே” என்று சாத்தப் போனாள்.

ரோஸ்லின் கதவைப் பிடித்துக்கொண்டாள். “அந்தத் தண்ணியக் குடிச்சு எங்க வீட்டுக்காரரு செத்துட்டாரும்மா. அதுவும் உங்களுக்கு வரலியா?”

அந்தப் பெண் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் குடத்தை எடுத்துவந்து, தண்ணீரை வாசலில் கொட்டினாள்.