ஆமென் வராத ஜெபம்

தையல்கார அக்கா ஜெபத்தைத் தொடங்கி இருபத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது. ஆமென் வருகிற அறிகுறியே இல்லை.

கண்ணை மூடி உட்கார்ந்திருந்த சபைச் செயலாளருக்கு இது உலக அதிசயங்களில் எட்டாவதாகப் பட்டது. அக்காவின் ஜெபம் மொத்தம் மூன்று வரி. நடுவில் யாராவது தும்மினால், தும்மி முடிப்பதற்குள் ஜெபம் முடிந்திருக்கும். அதற்காகவே இன்று அவரைக் கூப்பிட்டிருந்தார்.

செயலாளரின் சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. போதகருக்குப் பதினைந்து நாள் விடுப்பு. எழுதியது செயலாளர். கையெழுத்து மட்டும் போதகருடையது வேண்டும்.

முப்பத்தைந்து வருடம் தலைமையாசிரியராக இருந்து, விடுப்பு கேட்டு வந்தவர்களை எல்லாம் விரட்டியே பேர் வாங்கியவர் செயலாளர். சொந்தக் கல்யாணத்துக்கே அரை நாள்தான் எடுத்தாராம். அப்படிப்பட்டவர் முதல்முறையாக இன்னொருவரின் விடுப்புக்காக வரிந்து கட்டிக்கொண்டு இறங்கியிருந்தார்.

காரணம் இருந்தது. போதகர் தூங்கி மூன்று வாரம் ஆகிறது. படுத்தால் போதும், சபையின் நானூறு குடும்பங்களும் அவரவர் கவலையோடு மண்டைக்குள் வந்து பாய் விரித்து உட்கார்ந்துவிடுகிறார்களாம். போன ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கையில், குழந்தையைத் தூக்கி வைத்திருந்த தகப்பன் தலையில் தண்ணீரை ஊற்றிப் பெயரும் வைத்துவிட்டார். சபையே சிரித்தது. போதகரின் மனைவி சிரிக்கவில்லை.

இப்படியே போனால் ஆள் விழுந்துவிடுவார், விழுந்தால் எழுப்ப முடியுமா என்பது சந்தேகம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

போதகரிடம் ஓய்வு என்று வாயைத் திறக்க முடியாது. “பரலோகத்துல போய் எடுத்துக்கலாம்யா, அங்க யாரும் ஃபோன் பண்ண மாட்டாங்க” என்று சிரித்தபடியே வண்டியை உதைத்துக் கிளப்பிவிடுவார்.

அவரை ஓர் இடத்தில் பிடித்து வைக்க ஒரே வழிதான் உண்டு. ஜெபம். ஜெபத்தின் நடுவில் மட்டும் மனிதர் ஓடமாட்டார். ஆமென் சொன்னால் தீர்ந்தது, காலுக்குச் செருப்பு தானாக வந்து மாட்டிக்கொள்ளும். ஒருமுறை ‘ஆ’ ஆலயத்துக்குள் கேட்டது, ‘மென்’ மருத்துவமனை வாசலில் கேட்டது என்பார்கள்.

ஆகவே செயலாளர் போட்ட திட்டம் இது. ஆலயத்துப் பின்னறை. நாற்காலியைக் கதவோடு ஒட்டிப் போட்டு அவர் உட்கார்ந்துகொள்வார். போதகரின் தலையில் கை வைத்து அக்கா மூன்று வரி ஜெபிப்பார். ஆமென் விழுந்த கணத்தில் கடிதத்தை நீட்டுவது. கையெழுத்து விழாமல் கதவு திறக்காது.

இந்த அக்காவோ போதகரில் தொடங்கி, பாடகர் குழுவுக்குப் போய், வாத்தியம் வாசிப்பவருக்குப் போய், இப்போது தெருத் தெருவாக இறங்கியிருந்தார்.

“எங்க தலைமுடியெல்லாம் நீங்க எண்ணி வெச்சிருக்கீங்கப்பா, எங்க அளவெல்லாம் நான் எழுதி வெச்சிருக்கேன். இவரோட அங்கியை இந்த வருஷம் மூணு தடவை பிடிச்சுத் தச்சுட்டேன். இனிமே பிடிக்கிறதுக்கு அதுல இடமில்ல.”

இதோடு முடிப்பார் என்று செயலாளர் பையில் கை வைத்தார். அக்கா இடுப்பு நாற்பத்திரண்டு உள்ளவர்களுக்காக ஜெபிக்கத் தொடங்கினார். பிறகு நாற்பத்து நான்கு. பிறகு, நோவாவின் பேழையில் இடம் கிடைக்காமல் போன பிராணிகள் ஏதும் இருந்தால் அவற்றுக்காகவும்.

குரல் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு முறை அது இறங்கும்போதும் செயலாளர் பேனா மூடியைத் திறந்தார். ஒவ்வொரு முறையும் மூடினார்.

எங்கேயோ ஒரு வண்டு விட்டுவிட்டு ரீங்கரித்துக்கொண்டிருந்தது.

கடைசியில் பொறுமை போயிற்று. நீளும் ஜெபத்தைப் பெரியவர்கள் அறுக்கிற முறை ஒன்று உண்டு. ஓங்கி ஓர் ஆமென். செயலாளர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, கண்ணைத் திறந்து, “ஆ” என்றார்.

என்றவர், அதை அப்படியே கொட்டாவியாக மாற்றிக்கொண்டார்.

போதகரின் கன்னம் அக்காவின் உள்ளங்கையில் கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மூன்று வாரத் தூக்கமும் மொத்தமாக வந்து இறங்கியதுபோல மூச்சு சீராக ஏறி இறங்கியது.

அக்காவின் கண்கள் அகலத் திறந்திருந்தன. தொடக்கம் முதலே திறந்திருந்திருக்கும். தாங்கிய கை மணிக்கட்டிலிருந்து நடுங்கியது.

மூலையில் போதகரின் மனைவி அசையாமல் உட்கார்ந்திருந்தார். வண்டு அவருக்கு அடியிலிருந்துதான் ரீங்கரித்தது. கணவரின் ஃபோன்மேல் உட்கார்ந்திருந்தார் அந்த அம்மா.

அப்போது அக்காவின் குரல் போயிற்று. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

அறை அமைதியானது. தூக்கத்திலேயே போதகரின் கால் தரையில் செருப்பைத் தேடியது.

அக்கா செயலாளரைப் பார்த்தார். அந்த அம்மாவும் பார்த்தார்.

செயலாளர் எழுதி வைத்துப் படிக்காமல் வாழ்நாளில் ஒரு ஜெபமும் செய்ததில்லை. கைவசம் இருந்த காகிதம் ஒன்றே ஒன்று. அதைச் சத்தமில்லாமல் பிரித்தார்.

“மதிப்பிற்குரிய ஆண்டவர் அவர்களுக்கு,” என்று தாழ்ந்த குரலில் தொடங்கினார். “உடல்நலக் குறைவு காரணமாக, எனக்கு இன்று முதல் பதினைந்து நாட்கள்…”

செருப்பைத் தேடிய கால் ஓய்ந்தது.

செயலாளர் நிறுத்தி நிதானமாக வாசித்துக்கொண்டே போனார். ‘இப்படிக்கு’ என்ற இடம் வந்ததும் மூச்சுக்கூட விடாமல், மறுபடி ‘மதிப்பிற்குரிய’வுக்குப் போனார்.