டெஃப்லானின் அடிப்பக்கம்

டெஃப்லான் துண்டில் பூசிய பசை, தோல் உரிவதுபோல் கழன்று வந்தது. பேராசிரியர் உதட்டைப் பிதுக்கினார்.

"அயனிக்கற்றை பட்டா டெஃப்லான் மேல இருக்கிற, எதையும் ஒட்டவிடாத ஃப்ளூரின் போயிடும், பசை பிடிச்சுக்கும்னு சொன்னியேம்மா! இதான் கடைசி வாய்ப்பு. ஆய்வை மூடிடலாம்."

அவர் போனதும் ஆய்வு மாணவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கற்றை இயந்திரத்தை இயக்குகிற நான் அவளருகே போனேன்.

"தப்பு என்னோடதும்மா. நேத்து துண்டைத் தலைகீழா வச்சுட்டேன். கற்றை பட்டது அடிப்பக்கத்துல."

"தெரியும்ண்ணே. நேத்து சாயங்காலமே ரெண்டு பக்கமும் ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பார்த்தேன். கற்றை பட்ட பக்கத்துலதானே தண்ணி உருண்டு நிக்காம பரவும்? அடிப்பக்கத்துலதான் பரவுச்சு."

"அப்புறம்?"

"உங்களுக்குத் திட்டு விழக்கூடாதுன்னு நானே சத்தமில்லாம திருப்பி வச்சுட்டேன். அப்பவும் ஏன் ஒட்டலைன்னுதான் புரியலை!"

எனக்குப் புரிந்தது.

இன்று காலை அவள் வருவதற்குள் நானும் சத்தமில்லாமல் அதைத் திருப்பி வைத்திருந்தேன்.