வெள்ளாட்டின் விசாரணை

வயதான வெள்ளாடு ஒன்றுக்கு முட்டி பிடித்துக்கொண்டது. பாறை உச்சியிலோ கொடுக்காப்புளி பழுத்துத் தொங்கியது. பருவம் முடிவதற்குள் ஏறிவிட வேண்டும். அதற்குக் காலைப் பழக்குவது எப்படி?

பாறைக்கு இந்தப் பக்கம், குளத்தில் கிடந்த எருமையிடம் கேட்டது.

"தண்ணியில நின்னு காலை ஆட்டு, தங்கச்சி. உடம்புப் பாரமே தெரியாது."

பாறைக்கு அந்தப் பக்கம், வைக்கோல்போரில் படுத்திருந்த பூனையிடம் போய், "நெசமா?" என்று கேட்டது.

"அவ மிதப்பா, நீ முங்குவே. என்னை மாதிரி முதுகை நீட்டி, மெதுவா மூச்சு விடு" என்றது பூனை.

திரும்பி வந்து சொன்னதும் எருமை சிரித்தது. "அவளுக்கு எலும்பே கிடையாது. உனக்கு அப்படியா?"

இரண்டிலும் நியாயம் இருப்பதாக வெள்ளாட்டுக்குத் தோன்றியது. எது மேல் என்று தெரியாமல் எதையும் தொடங்க மனம் வரவில்லை. விடிந்தால் குளம், வெயில் தாழ்ந்தால் வைக்கோல்போர் என்று பாறையைச் சுற்றிச் சுற்றி விசாரித்துக்கொண்டே இருந்தது.

ஒருநாள் பூனை புதிதாக ஒன்று சொன்னது. அதை உடனே எருமையிடம் கேட்டாக வேண்டும் என்ற அவசரத்தில், வெள்ளாடு சுற்றிப் போகாமல் பாறை மேலேயே ஏறி நடந்தது. உச்சியில் கொடுக்காப்புளி மூக்கில் இடித்தது.

வாய் நிறைய மென்றபடி கீழே பார்த்துக் கத்தியது: "எருமையக்கா! குந்தி எழுந்தா முட்டிக்கு நல்லதுன்னு பூனை சொல்றா. ஆரம்பிக்கலாமா, வேண்டாமா?"