எட்டு மிளகாய்

இரண்டாவது மாடி தாண்டும்போதே பெரியவளுக்குத் தும்மல் வந்துவிட்டது.

மூன்றாவது மாடியில் எதிர் வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். "உங்கப்பா வீட்டுலேருந்துதாம்மா இந்த நெடி. ஞாயித்துக்கிழமை ஆனா இப்படித்தான். இது மூணாவது வாரம்."

பெரியவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அம்மா போய் இன்னும் ஒன்றரை மாதம் முழுசாக ஆகவில்லை. அப்பா தனியாகக் கிடக்கிறாரே, சோறு தண்ணி இறங்குதோ இல்லையோ என்று ஐந்து மணி நேரம் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு வந்தால், இங்கே மாடியே இருமும்படி விருந்து நடக்கிறது.

கதவு சும்மா சாத்தியிருந்தது. மணி அடித்துப் பயனில்லை. அச்சகத்தில் முப்பது வருஷம் மெஷின் ஓட்டியவர், காதை அங்கேயே விட்டுவிட்டுத்தான் ஓய்வு பெற்றார். அதனால்தான் அந்த வீட்டில் ரகசியம் எதுவானாலும் அம்மா எழுதித்தான் காட்டுவாள். வாயால் சொன்னால் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

அடுப்பில் இரும்புச் சட்டி புகைந்தது. நசுக்கிய பூண்டும் மிளகாயும் எண்ணெயில் பொரிய, ஊறவைத்த அரிசி நூடுல்ஸை அள்ளிப் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தார் அப்பா. பக்கத்தில் மீன் சாஸ் பாட்டில், துளசி வாசம் அடிக்கும் ஏதோ ஒரு இலை. இடது கையில் ஒரு துண்டுச் சீட்டு.

தோளைத் தொட்டதும் திடுக்கிட்டுத் திரும்பினார். சீட்டு அவசரமாகச் சட்டைப் பைக்குள் போயிற்று.

"வாம்மா. ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கலாமே."

"சொன்னா மட்டும் கேட்டுடுமாக்கும்" என்று முணுமுணுத்தாள்.

"என்னது?"

"இது என்னப்பான்னு கேட்டேன்."

"நூடுல்ஸ். தாய்லாந்துக்காரங்க செய்வாங்களே, அது. முதல் வாரம் தெரியாம வேகவச்சுட்டேன், பசையாப் போச்சு. அடுத்த வாரம் அடிப்பிடிச்சுது. இன்னைக்குத்தான் பதம் வந்திருக்கு."

அந்தக் குரலில் இருந்த திருப்திதான் அவளுக்குத் தாங்கவில்லை. அடுப்பை அணைத்தாள்.

ஃபிரிட்ஜ் கதவில் அவள் எழுதி ஒட்டிய தாள் இன்னும் இருந்தது. காரம் கிடையாது. புளிப்பு கிடையாது. எண்ணெய் கிடையாது. சம்பளமில்லாமல் நாலு மாதம் லீவு போட்டு, அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து, அந்த மூன்று வரியையும் கட்டிக்காத்தவள் அவள். வேளைக்கு ஒரு கிண்ணம் கஞ்சி, உப்புகூட அளந்து. அம்மா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. கிண்ணத்தை வழித்துக் கொடுத்துவிட்டு, "குடிச்சதும் தெம்பா இருக்கும்மா" என்பாள். லீவு முடிந்து இவள் ஊருக்குக் கிளம்புமுன்பே, அப்படி ஒரு கிண்ணத்தைக் குடித்துவிட்டுப் படுத்தவள்தான், மறுபடி எழுந்திருக்கவில்லை.

"அம்மா கஞ்சியக் குடிச்சே போய்ச் சேர்ந்தாங்க. அதுக்குள்ள உங்களுக்கு நாக்கு கேக்குதாப்பா?"

அவருக்குக் கேட்க வேண்டுமென்றால் கத்தித்தான் ஆக வேண்டும். மாடிப்படி முழுக்கக் கேட்டது. எதிர் வீட்டுக் கதவு மெல்லச் சாத்தப்பட்டது.

அப்பா தட்டில் நூடுல்ஸை எடுத்து வைத்துக்கொண்டார்.

"ரொம்ப ஆசையா இருந்துச்சும்மா."

"யாருக்கு?"

தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "எனக்குத்தான். வேற யாருக்கு?"

நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு இவ்வளவுதானா மரியாதை? பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. இப்படியே அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடலாமா என்று நினைத்தாள்.

அப்பா முதல் வாய் வைத்தார். புரையேறி இருமினார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். இரண்டாவது வாய். கண்ணிலும் மூக்கிலும் நீராகக் கொட்டியது. மூன்றாவது வாய்க்கு உதடு வீங்கிச் சிவந்துவிட்டது. ஆனாலும் விடுவதாக இல்லை. மருந்து தின்கிறவர் மாதிரி விழுங்கிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சாப்பாட்டில் ஒரு மிளகு தட்டுப்பட்டாலும் பொறுக்கித் தட்டோரம் ஒதுக்கி வைக்கிற மனுஷன் அல்லவா இவர். காரமே வாயில் வைக்கமாட்டாரே. கண்ணில் நீர் வரக் காரத்தைத் தேடித் தேடித் தின்கிறவள் அம்மாதான்.

"அப்பா, உங்களுக்குத்தான் காரம் ஆகாதே. எதுக்கு இத..."

அவருக்குக் கேட்கவில்லையோ, கேட்காத மாதிரி இருந்தாரோ. முகத்தைத் துடைக்கச் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை இழுத்தார். கூடவே அந்தத் துண்டுச் சீட்டும் வந்து கீழே விழுந்தது.

"அது வேண்டாம்மா. கொடுத்துடு."

அவர் குனிவதற்குள் அவள் எடுத்துவிட்டாள்.

அம்மாவின் கையெழுத்து. கடைசி நாட்களில் எழுதியது போல, வரி கோணிக்கொண்டு போயிருந்தது. மேலே சாமான் பட்டியல். மீன் சாஸ், பூண்டு, அப்புறம் 'மிளகாய் எட்டு, குறைக்காதீங்க.' அதற்குக் கீழே நுணுக்கி நுணுக்கி நாலு வரி.

'இனிமே பத்தியம் வேண்டாம், ஆசைப்பட்டதக் குடுங்கன்னு டாக்டர் சொன்னது பெரியவளுக்குத் தெரியவே கூடாது. கஞ்சி குடுத்தே என்னக் காப்பாத்திடலாம்னு நம்பிக்கிட்டு இருக்கா, பாவம். அவ மனசு விட்டுடும். அவ ஊருக்குப் போன மறுநாள் எனக்கு இதச் செஞ்சு குடுங்க.'