எது வேகம்?

“சிபாரிசுன்னு இன்னொரு தடவை போன் பண்ணினீங்கன்னா, உங்க ஆளை வாசல்லயே நிறுத்திடுவேன்!” தலைமை டாக்டர் ரிசீவரை ஓங்கி வைத்தார்.

காலியாக இருந்தது ஒரே ஒரு எக்ஸ்ரே டெக்னீஷியன் வேலை. வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். நேர்காணலுக்காகப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த இயற்பியல் பேராசிரியை பக்கத்து நாற்காலியிலிருந்து அவரை மரியாதையோடு பார்த்தார். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனிதரா!

எல்லோருக்கும் ஒரே கேள்வி. அதுவும் தலைமை டாக்டரே யோசித்து வைத்த கேள்வி.

“ரேடியோ அலை, வெளிச்சம், எக்ஸ்ரே, காமா கதிர். வெற்றிடத்துல எது வேகமாப் போகும்?”

வந்தவர்கள் வரிசையாகக் குழியில் விழுந்தார்கள். ஒருவன் எக்ஸ்ரே என்றான். ஒருத்தி வெளிச்சம் என்றாள். கண்ணாடி போட்ட ஒருவர், “ரேடியோ அலைதான் சார். ஊர்ச் செய்தியெல்லாம் அதுலதானே முதல்ல வருது?” என்று திருப்பிக் கேட்டார்.

அடுத்து வந்தவள் அதே ஆஸ்பத்திரியில் பல வருடமாகத் தற்காலிக வேலை பார்ப்பவள். கை ஒடிந்து அலறிக்கொண்டு வரும் குழந்தைகூட, அவள் பேச்சுக் கொடுத்தால் அசையாமல் படம் எடுத்துக்கொள்ளும். அவளே இன்று நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“காமாதான் சார்... அதுக்குத்தானே சக்தி ஜாஸ்தி?”

“சக்திதாம்மா கூடும் குறையும். வேகம் எல்லாத்துக்கும் ஒண்ணுதான். நீ போகலாம்.”

கதவு சாத்தியதும் பேராசிரியை மெல்லச் சொன்னார். “பாவம், பதட்டத்துல உளறிட்டா. கைராசிக்காரின்னு வெளியே நர்ஸெல்லாம் சொல்றாங்க. கொஞ்சம் பார்த்து...”

“இரக்கம் வேற, இயற்பியல் வேற மேடம். இவளுக்கு வளைஞ்சா நாளைக்கு எல்லாருக்கும் வளையணும்.”

அவருடைய கைப்பேசி அடித்தது. வீட்டிலிருந்து மனைவி. குரல் சட்டென்று இறங்கியது. “ம்... இல்ல, இன்னும் இல்ல. கடைசியாத்தான். நீ நிம்மதியா இரு.” வைத்துவிட்டு, “சாப்பிட்டாச்சான்னு கேக்கறா” என்று சிரித்தார்.

கடைசி ஆள் உள்ளே வந்தான். மடிப்புக் கலையாத சட்டை, துளிப் பதட்டமில்லாத முகம். கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது.

“எல்லாம் ஒரே வேகம்தான் சார். வெற்றிடத்துல கதிருக்குக் கதிர் வேகம் மாறாது. அலைநீளமும் சக்தியும்தான் மாறும்.”

பேராசிரியைக்குப் புல்லரித்துவிட்டது. தலைமை டாக்டர் பேனாவின் மூடியைத் திறந்தார். “அப்ப இவரையே போட்டுடலாமா மேடம்?”

“தாராளமா. காலையிலேருந்து இந்த ஒரு பதிலுக்குத்தானே தவம் கிடந்தோம்!” பேராசிரியை பூரிப்போடு அவன் பக்கம் திரும்பினார். “சும்மா ஆசைக்கு ஒண்ணு கேக்கறேன் தம்பி. ஒரே வேகம்னு சொன்னீங்களே, அது எவ்வளவு?”

அவன் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தான். பிறகு தலைமை டாக்டரைப் பரிதாபமாகப் பார்த்தான்.

“அதை அக்கா சொல்லித் தரலையே, அத்தான்!”