முன்மொழிந்தவரின் மனைவி

"ரெண்டும் என்னோட கையெழுத்துதாங்க" என்றார் என் வீட்டுக்காரர், சாட்சிக் கூண்டில் நின்றுகொண்டு.

அவ்வளவுதான். என் அண்ணனின் வழக்கு அந்த இடத்திலேயே படுத்துவிட்டது.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஊராட்சித் தலைவர் தேர்தலுக்கு என் அண்ணனும் வேட்புமனு கொடுத்தான், என் நாத்தனார் மகனும் கொடுத்தான். ஒருத்தர் ஒரு வேட்பாளரைத்தான் முன்மொழியலாம் என்பது சட்டம். இவர் இரண்டு மனுவிலும் முன்மொழிந்து கையெழுத்துப் போட்டிருந்தார். முதலில் வந்து சேர்ந்தது நாத்தனார் மகனுடையது, அது நின்றது. பின்னால் வந்த அண்ணனின் மனு தள்ளுபடி. நாத்தனார் மகன் ஜெயித்துத் தலைவராகவும் ஆகிவிட்டான்.

இப்படியும் ஒரு மனிதர் இருப்பாரா என்று கேட்காதீர்கள், நான் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

அவருக்கு 'முடியாது' என்ற சொல் வாயில் வராது. பம்ப் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவர். ஒரே காலையில் நாலு பேருக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, பட்டறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார். விற்க வந்தவர் எவரும் எங்கள் வாசலிலிருந்து வெறுங்கையோடு திரும்பியதில்லை. வீட்டில் மூன்று குக்கர் இருக்கிறது, அடுப்பு ஒன்றுதான். ஊரில் அவருக்குப் பெயரே 'சரி மெக்கானிக்'.

மனு விஷயத்திலும் அதே கதைதான். காலையில் நாத்தனார் மகன் வந்து கேட்டானாம், சரி என்றாராம். சாயங்காலம் அண்ணன் வந்து நின்றானாம், அவனிடமும் சரி. ஏற்கெனவே ஒருத்தனுக்குப் போட்டாயிற்று என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன, வாயில் இருக்கும் முத்து உதிர்ந்துவிடுமா என்று கத்தினேன். மச்சான் முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை என்றார். வெளக்கெண்ணெய் என்று திட்டினேன். அதையும் கேட்டுக்கொண்டார்.

வழக்கில் அண்ணனுக்கு இருந்தது ஒரே வழி. நாத்தனார் மகனின் மனுவில் இருப்பது கள்ளக் கையெழுத்து என்று இவர் சொல்ல வேண்டும். சொன்னால் அவனுக்குப் பதவி போகும், ஜெயிலும் கிடைக்கும்.

அண்ணனின் வக்கீல் சொல்லிக்கொடுத்தார், இவர் சரி என்றார். நாத்தனார் வந்து காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அவளிடமும் சரி. இன்று காலையில் சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டபடி நானும் கேட்டேன். உங்கள் அக்கா அழுதால் அழட்டும், என் அண்ணன் மானத்தைக் காப்பாற்றுங்கள் என்றேன். என்னிடமும் சரி என்றுதான் சொன்னார்.

இப்போது கோர்ட்டே சிரித்தது. வேடிக்கை பார்க்க வந்த ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். தட்டச்சுக்காரப் பெண் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எதிர் பெஞ்சில் நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். இந்த ஆளுக்குப் பெண்டாட்டி என்று நாலு பேருக்குத் தெரிந்த இடத்தில் உட்கார்ந்திருக்க அவ்வளவு வெட்கமாக இருந்தது.

நீதிபதி அம்மாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் கேட்டார், யாரிடமும் முடியாது என்று சொன்னதே இல்லையா என்று.

இவர் யோசித்தார். உண்மையைத்தான் சொல்வேன் என்று கூண்டில் ஏறியதும் சத்தியம் வாங்கியிருந்தார்கள் அல்லவா, அதற்கும் சரி என்றவர்தானே.

"ஒரே ஒரு தடவ சொல்லிடணும்னு ரொம்ப நெனச்சேம்மா. மச்சான் வந்து கேட்டப்ப. அப்பவும் வாய் வரல."

நாத்தனார் மகனின் வக்கீல் துள்ளி எழுந்தார். அப்படியென்றால் மச்சானின் மனுவில் மனமில்லாமல்தான் கையெழுத்துப் போட்டீர்களா என்றார்.

"ஐயோ, கையெழுத்தச் சொல்லலைங்க. இது பழசு. அப்ப எனக்கு முடியெல்லாம் கருப்பா இருந்துச்சு."

மறுபடியும் சிரிப்பு. வழக்குக்குச் சம்பந்தமில்லாததை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இவரை இறங்கச் சொன்னார் நீதிபதி.

நானும்கூடச் சிரித்துவிட்டேன். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான். பார்த்தவன் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். வழக்குத் தோற்றதற்காக என்று முதலில் நினைத்தேன்.

அண்ணன் ரோஷக்காரன், யாரிடமும் போய் நிற்கிறவன் அல்ல. இந்தக் கையெழுத்துக்கு முன்னால் அவன் இவரிடம் ஒன்று கேட்டுப் பட்டறைக்குப் போனது ஒரே ஒரு தடவைதான். எனக்கு வயது ஏறிக்கொண்டே போய், ஒரு வரனும் தகையாமல், அம்மா என் முகத்தைப் பார்த்துப் பேசுவதையே நிறுத்தியிருந்த சமயம். அன்றைக்குச் செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் ஓடி வந்தான். மாப்பிள்ளை ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, கேட்ட உடனே சரி என்றுவிட்டார் என்றான்.

அந்த 'உடனே'யைத்தான் இத்தனை வருஷமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.