புதன்கிழமைப் பழுது

"இந்தப் பெருசு இன்னும் எத்தன நாளு தாங்கும் தம்பி?" என்று ஷமீமைக் கேட்டாள் கமர் நிஷா.

அம்பாசமுத்திரத்தில் அவள் நடத்தும் அரிசி ஆலையின் அலுவலக மூலையில் 'பெருசு' இரைந்துகொண்டிருந்தது. எடைமேடைக்கென்று வாங்கிப் போட்ட பழைய சர்வர். அதில் ஓடுவது இரண்டாயிரத்து மூன்றில் வந்த மென்பொருள். செய்த கம்பெனியே அதைக் கைகழுவிப் பத்து வருடமாகிறது. அதற்கு வைத்தியம் தெரிந்தவன் சுற்றுவட்டாரத்தில் ஷமீம் ஒருவன்தான்.

மூன்று வருடமாகப் புதன்தோறும் தச்சநல்லூரிலிருந்து பஸ் ஏறி வருகிறான். சர்வரை அணைத்து, தூசி தட்டி, மறுபடி உயிர் கொடுக்க ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் எதிர் மேசையில் கமர் நிஷாவின் மகள் நிலோஃபர் இருப்பாள். அவளைப் பார்க்க அவனுக்கு வேறு சாக்கு இல்லை. தாயைச் சாச்சி என்று அழைத்தால் மகள் தங்கச்சியாகிவிடுவாளே என்று, "முதலாளி" என்றே சமாளித்து வந்தான்.

"மத்தியானம் பழைய இரும்புக்காரன் வாரான். தூக்கிக் குடுத்திரலாம்னு பாக்கேன்" என்றாள் கமர் நிஷா.

சர்வரை அப்போதுதான் அணைத்திருந்த ஷமீம், திருப்புளியோடு திரும்பினான். "அப்படிச் சொல்லாதீங்க முதலாளி. இது இல்லன்னா எடைமேடை அங்கனயே படுத்துரும். ஒரு லாரி வெளிய போவ முடியாது."

சன்னலுக்கு வெளியே ஒரு நெல் லாரி எடைமேடையில் ஏறி இறங்கியது. டிரைவர் எடைச்சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு கிளம்பினார்.

"அப்பம் புதுசு வாங்கிப் போட்டிருவமா?"

"புதுசெல்லாம் நாலு வருசத்துல பல்லிளிச்சிரும். இது அந்தக் காலத்துச் சரக்கு. நான் வாராவாரம் வந்து பாத்தா இன்னும் பத்து வருசம் ஓடும்."

நிலோஃபர் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். "உம்மா, அப்பம் எனக்கு முப்பத்தஞ்சு ஆயிரும்."

கமர் நிஷா தேத்தண்ணிக் குவளையைப் பைய மேசையில் வைத்தாள்.

"போன பக்ரீத்துக்கே எடைமேடைக் கூண்டுல புதுக் கம்ப்யூட்டர் மாட்டியாச்சு, மாப்ளே. நீரு எப்பம் பொண்ணு கேப்பீருன்னுதான் இதுக்குத் தெண்டக் கரண்டு."